வேண்டாம் என்று சொல்லி விற்றவள்

மெத்தைக் கடையில் ஒரு விசேஷம் உண்டு. மற்றக் கடைகளுக்கு வருகிறவர்கள் நின்றுகொண்டு பொய் சொல்வார்கள். இங்கே படுத்துக்கொண்டு உண்மை சொல்வார்கள். செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டு, முன்பின் தெரியாத நாலு பேர் நடமாடும் இடத்தில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதனிடம் என்ன கெத்து மிஞ்சும்? இரண்டு நிமிடம் சும்மா விட்டால் போதும், "தூக்கமே வர்றதில்லீங்க" என்று தானாகவே ஆரம்பித்துவிடுவான். பக்கத்தில் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் இருந்தால் கடைக்கு வியாபாரம் ஆகும். இல்லாவிட்டால் அவனுக்கு இலவசமாக ஒரு குட்டித் தூக்கம்.

அந்தக் கடையில் பத்தொன்பது வருஷமாகக் காது கொடுத்தவள் முக்காலி அக்கா.

முக்காலி என்ற பட்டம் முழங்காலால் வந்தது. விற்பனை ஆட்கள் வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது பழைய முதலாளியின் சட்டம். படுத்திருப்பவர் பேசுவதைக் கேட்க ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் குனிந்து நிமிர்ந்தே அக்காவின் முழங்கால் தேய்ந்துபோனது. ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போய், பொட்டலம் கட்டுகிற இடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த குட்டை முக்காலியைத் தூக்கி வந்து போட்டு உட்கார்ந்தாள். முதலாளி முறைத்தார். "முழங்காலைக் கழற்றி வச்சிட்டு வரச் சொல்றீங்களா முதலாளி?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கட்டிலுக்குக் கட்டில் முக்காலியும் கூடவே போனது.

முக்காலியில் உட்கார்ந்தால் அவள் தலை, படுத்திருப்பவரின் தலையணைக்குப் பின்னால் தாழ இருக்கும். அவருக்கு அவள் முகம் தெரியாது. கூரையைப் பார்த்துப் பேசுவார். முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் கூரையைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பதை அக்கா ஒன்றும் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது அவளுடைய முழங்கால்.

மற்ற விற்பனையாளர்கள் தலைமாட்டில் நின்றுகொண்டு, அஞ்சு அடுக்கு, ஏழு அடுக்கு, பத்து வருஷ உத்தரவாதம் என்று ஒப்பிப்பார்கள். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்பாள். "எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க?" அவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொள்வாள். வலப்பக்கமா இடப்பக்கமா என்று யோசிக்கப் போன மனுஷி, புருஷனுடைய குறட்டையில் வந்து நிற்பாள். "மெத்தைய மாத்தினா கொறட்டை நிக்காதும்மா. அவர் தலைக்கு இன்னொரு தலகாணி வச்சுப் பாருங்க" என்று அக்கா அனுப்பிவிடுவாள். மனைவி இறந்து இருபது நாள்கூட ஆகாத ஒருவர், இரட்டைக் கட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒற்றை மெத்தை வாங்க வந்தார். அரைமணி நேரம் படுத்திருந்தார். "இப்ப வேணாங்க. அந்தப் பக்கம் காலியாவே இருக்கட்டும். உங்களுக்கா எப்பத் தோணுதோ அப்ப வாங்க" என்றாள். ஏழு மாதம் கழித்து வந்து, அவளைத் தேடிப் பிடித்து வாங்கிக்கொண்டு போனார்.

முதலாளிக்கு வயிறு எரிந்தது. வாசல் வரை வந்த லட்சுமியை வேண்டாம் என்று விரட்டுகிறாளே என்று மாதம் ஒருமுறையாவது கத்துவார். ஆனால் அவள் வேண்டாம் என்று அனுப்பியவர்கள் சும்மா போகவில்லை. அண்ணன், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரையாவது கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். "இந்தக் கடைல ஒரு அம்மா இருக்கு, தலைல கட்டாது" என்பது ஊரில் பரவிப்போன பேச்சு. நாள் போகப்போக முதலாளியும் கத்துவதை வழக்கத்துக்காக மட்டும் வைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அக்கா வீட்டில் கிடந்தது இலவம் பஞ்சு மெத்தை. இரண்டு பள்ளம் விழுந்தது. அச்சகத்தில் காகிதம் வெட்டும் அவள் வீட்டுக்காரர் ஒரு பள்ளத்திலும் இவள் ஒரு பள்ளத்திலும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அப்படி அவள் வேண்டாம் என்று அனுப்பியவர்களில் ஒருவர்தான் பஸ் டிரைவர். எட்டு வருஷம் முன்னால் பணிமனையிலிருந்து நேராகக் காக்கிச் சட்டையோடு வந்தார். இருப்பதிலேயே தடிமனான மெத்தையைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றார். படுக்க வைத்தாள். எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

"எந்தப் பக்கமும் முடியலம்மா. இடுப்புலருந்து இடது கால் கட்டைவிரல் வரைக்கும் மரத்துப் போகுது. ரெண்டு மாசமா."

"அண்ணே, எழுந்திருங்க. இது மெத்தைக் கோளாறு இல்ல. நேரா எலும்பு டாக்டர்கிட்ட போங்க."

"அதுக்கெல்லாம் லீவு கெடைக்காதும்மா. நல்ல மெத்தையா..."

"கிளட்ச் மிதிக்கிற கால்ணே அது. நாளைக்கு அறுபது பேர வச்சுக்கிட்டு அது மரத்துப் போச்சுன்னா?"

டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கால் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். சிகிச்சை முடிந்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் நல்ல பாரி உடம்பு, கடை முழுக்கக் கேட்கிற சிரிப்பு. "எனக்கு ஒண்ணும் வேணாம் தங்கச்சி, சும்மா படுத்துப் பாக்கறேன்" என்று கடையில் இருந்த பதினொரு கட்டிலிலும் ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு, ஒரு தலையணை உறை வாங்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து டிரைவரும் அக்காவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பக்கம் வந்தால் கண்ணாடிக் கதவைத் தள்ளித் தலையை மட்டும் நீட்டி, "தங்கச்சி, கால் நல்லா இருக்கு!" என்று கத்திவிட்டுப் போவார்.

இந்த ஒரு சத்தத்துக்காகவே அக்கா அந்த வேலையில் இருந்தாள் என்று சொன்னால் மிகையாகாது. சம்பளம் ஒன்றும் பிரமாதமில்லை.

பிறகு முதலாளிக்கு வயதாகி, ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த ஒரு கம்பெனிக்குக் கடையை விற்றார். கம்பெனி அனுப்பிய மேலாளர் குளிரூட்டிய கடைக்குள் கழுத்துப் பட்டியோடு நடமாடினார். ஆட்கள் அவருக்கு டை சார் என்று பெயர் வைத்தார்கள். நல்ல மனிதர்தான். யாரையும் கடிந்து பேச மாட்டார். வந்த வாரமே ஒரு சங்கதி அவர் கண்ணில் பட்டது. வாய் ஓயாமல் பேசுகிற ஆட்களைவிட, வேண்டாம் என்று சொல்கிற இந்தப் பெண்ணிடம்தான் அதிகம் பேர் வாங்குகிறார்கள். அவள் விற்றது எதுவும் திரும்பி வருவதில்லை.

மூன்று நாள் நோட்டுப் புத்தகத்தோடு அவள் பக்கத்திலேயே நின்றார். பிறகு தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டார்.

"நீங்க ஏன் அக்கா மொதல்லயே வேணாம்னு சொல்றீங்க?"

"வேணாம்னா வேணாம்னுதான சார் சொல்லணும்?"

டை சார் நோட்டைத் திறந்தார். 'மறுப்பதன் மூலம் நம்பிக்கையை வளர்த்தல்' என்று எழுதிக்கொண்டார்.

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் நீ எப்படி விற்கிறாய் என்று ஒருத்தர் கேட்டதில்லை. ஏன் விற்கவில்லை என்றுதான் கேட்டிருக்கிறார்கள். முக்காலி வந்த கதை, எந்தப் பக்கம் என்ற கேள்வி, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மறந்துபோனதை மறுநாள் ஞாபகப்படுத்திக்கொண்டு வந்து சொன்னாள். வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்:

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டியா?"

"குடுத்தா என்ன? நாலு பேர் கத்துக்கட்டுமே."

"கத்துக்கறது வேற. எங்க அச்சகத்துல ஒரு பக்கம் அடிச்சுக் குடுத்தா அது அப்புறம் ஆயிரம் பக்கம். எது ஒன்னோடதுன்னு நீயே கண்டுபிடிக்க முடியாது."

"உங்களுக்கு நான் நல்லா இருந்தா பொறுக்காது" என்று எழுந்து போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற அளவில் ஓர் அட்டை வந்தது. மேலே அக்காவின் படம். முக்காலியில் உட்கார்ந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'இந்த முறையை வகுத்தவர்' என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே நாலு வரி. ஒன்று, வாடிக்கையாளரைப் படுக்க வையுங்கள். இரண்டு, தாழ உட்கார்ந்து, எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். மூன்று, விலை உயர்ந்ததை வேண்டாம் என்று சொல்லுங்கள். நான்கு, நம்பிக்கை வந்ததும் அதற்கு அடுத்ததைக் காட்டுங்கள். அட்டையோடு கம்பெனி நிறத்தில் பன்னிரண்டு முக்காலிகளும் வந்து இறங்கின.

மூன்றாவது வரியில் அக்காவின் விரல் நின்றது.

"சார், நான் எல்லாருக்கும் வேணாம்னு சொல்றதில்லயே. வேண்டியவங்களுக்கு வேணும்னுதான சொல்றேன். யாருக்கு எதுன்னு..."

"அதான் உங்க திறமை அக்கா. அது எல்லாருக்கும் வராது. அதனால கொஞ்சம் சுலபமாக்கிட்டோம்."

"நாலாவது நான் சொல்லவே இல்லயே சார்."

"அது கம்பெனி சேர்த்தது" என்றார் டை சார், பெரிய மனதோடு.

அன்றைக்கு அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் படத்தை எடுங்கள் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலைமை அலுவலகத்தில் நடக்கும் விழாவில் அவளுக்குக் கேடயம் தரப்போவதாக அன்று காலையில்தான் கடிதம் வந்திருந்தது. அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். பாவம், கேடயம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

விழாவுக்குப் போய்வர மூன்று நாள். பெரிய மண்டபம். மேடையில் அவளுடைய பழைய முக்காலியைக் கொண்டுவந்து வைத்து அதன்மேல் விளக்கு வெளிச்சம் விழும்படி செய்திருந்தார்கள். பேசச் சொன்னார்கள். அக்கா டிரைவர் கதையைச் சொன்னாள். 'கிளட்ச் மிதிக்கிற கால்ணே அது' என்ற இடத்தில் மண்டபமே கைதட்டியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதே நாள் மத்தியானம் அந்த டிரைவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்திருக்கிறார்.

இதை அவளிடம் சொன்னவன் செல்போன். முன்னால் செல்போன் கடையில் இருந்தவன் என்பதால் அந்தப் பெயர். முப்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பரபரவென்று வேலை செய்வான். அக்கா ஊரிலிருந்து வந்து கேடயத்தைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, ஓடிவந்து சொன்னான்.

"அக்கா, உங்க டிரைவர் அண்ணன் வந்திருந்தாருக்கா! தங்கச்சி இல்லையான்னு கேட்டாரு. அக்கா சொல்லிக் குடுத்துத்தான் நாங்கல்லாம் விக்கறோம், வாங்கன்னு அப்படியே உங்க மாதிரியே உக்காந்து கேட்டேன். மனுஷன் அழுதுட்டாருக்கா."

"ஏன்? காலுக்கு என்ன?"

"கால் இல்லக்கா, அவர் சம்சாரம். பக்கவாதமாம். ஒரு மாசமாப் படுத்த படுக்கையாக் கெடக்கறாங்களாம். ஒம்பது இஞ்ச் மெத்தையக் கேட்டாரு. 'இது உங்களுக்கு வேணாம், நான் விக்க மாட்டேன்'னேன். கையப் புடிச்சுக்கிட்டாரு. 'தங்கச்சி வளர்ப்பு அப்படியே இருக்கு'ன்னாரு. அப்புறம் அந்த எட்டு இஞ்ச், உள்வாங்குற நுரை மெத்தையக் குடுத்து அனுப்பிட்டேன்."

அக்கா கேடயத்தைக் கீழே வைத்தாள்.

"அது அவங்களுக்கு ஆகாது தம்பி. உடம்பு அப்படியே உள்ள எறங்கி நிக்கும். சூடு ஏறும். அவர் ஒண்டி ஆளு, அதுக்குள்ளேருந்து அந்த உடம்பைப் புரட்டவே முடியாது. முதுகுல புண்ணு வந்துரும். அவங்களுக்குக் காத்து மெத்தை வேணும், மோட்டார் வச்சது. ஆஸ்பத்திரிச் சாமான் விக்கற கடைல கெடைக்கும். விலையும் இதுல கால்வாசிதான். நம்ம கடைல அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

செல்போன் விழித்தான். "கார்டுல அப்படி ஒண்ணும் போடலயேக்கா."

அவனைத் திட்டி என்ன புண்ணியம்? அவன் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஒரு மனிதன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதானே, நல்லது செய்துவிட்டோம் என்றுதான் அவனும் அன்றிரவு தூங்கியிருப்பான்.

டை சாரிடம் போனாள். பிரித்த மெத்தையைத் திரும்ப எடுப்பதில்லை, புகார் வந்தால் பார்க்கலாம் என்றார். ஒருநாள் விடுப்புக் கேட்டாள். விழாவுக்குப் போன மூன்று நாளையும் அவளுடைய வார விடுமுறையில் கழித்துவிட்டார்களாம். இன்னும் இரண்டு வாரத்துக்கு விடுப்பே கிடையாது. கடை அடைக்க இரவு ஒன்பதரை ஆகும், டிரைவர் வீடு ஊரின் மறு கோடியில். வாங்கியவரிடம் விற்றவர்தான் போனில் பேச வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். "நீயாவது போன் போட்டுப் பேசு தம்பி" என்றாள். செல்போன் உடனே பேசினான். ஆனால் கம்பெனி சொல்லிக் கொடுத்தபடி, மெத்தைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டான். "ஒம்பது குடுத்துட்டாருக்கா!" என்று சந்தோஷமாக வந்து சொன்னான். அக்கா அந்த ஒன்பதைப் பிடித்துக்கொண்டாள். ஒருவேளை ஒன்றும் ஆகாமல் இருக்கும், விடுப்புக் கிடைத்ததும் நேரில் போகலாம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். சமாதானம் ஆக வேண்டும் என்று நினைக்கிற மனசுக்கு ஒன்பது தாராளமாகப் போதும்.

பதினோராம் நாள் அவரே வந்தார்.

கதவைத் தள்ளித் தலையை நீட்டிக் கத்தவில்லை. உள்ளே வந்து, முன்வரிசைக் கட்டில் ஓரமாக நின்றார். ஷேவ் செய்து நாலைந்து நாளாகியிருக்கும். சட்டையில் மருந்து வாடை அடித்தது. அக்கா ஓட்டமும் நடையுமாக முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். வலி பிடுங்குகிற காலை மடக்கி உட்காரப் போனவளை அவர் கை நீட்டித் தடுத்தார்.

"உக்காராதீங்க மேடம். நின்னுக்கிட்டே பேசுங்க."

மேடம் என்றார். அக்காவுக்கு யாரோ வேறு ஆளைக் கூப்பிட்டது போலிருந்தது.

"அண்ணே, அண்ணி எப்படி..."

"இடுப்புல ரெண்டு விரல் உள்ள போற அளவுக்குப் புண்ணு. நர்ஸம்மா வந்து பாத்துட்டு, எந்தப் புண்ணியவான் இந்த மெத்தையக் குடுத்தான்னு கேட்டாங்க. எங்க தங்கச்சி கடைலன்னு சொல்ல வந்தேன். வாய் வரல."

சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். விற்ற அன்று உத்தரவாதப் புத்தகத்துக்குள் செல்போன் மறந்து வைத்துவிட்ட அட்டை அது. மேலே அக்கா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் படத்துல இருக்கறது நீங்கதான?"

"நான்தாண்ணே. ஆனா இது..."

"மூணாவது, விலை உயர்ந்ததை வேண்டாம் என்று சொல்லுங்கள்." பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தார். "நாலாவது, நம்பிக்கை வந்ததும் அதற்கு அடுத்ததைக் காட்டுங்கள். அந்தத் தம்பி ஒரு வரி மாத்தலீங்க. அப்படியே செஞ்சாரு. நான் கையப் புடிச்சுக்கிட்டு அழுதேன்."

அக்காவுக்கு, தனக்காகப் பேசிக்கொள்ள அது நேரமில்லை என்று மட்டும் தெரிந்தது. வேகவேகமாகச் சொன்னாள்.

"அண்ணே, என்னை அப்புறம் திட்டுங்க. அந்த மெத்தைல இனி ஒரு நாளும் படுக்க வைக்காதீங்க. காத்து மெத்தைன்னு ஒண்ணு இருக்கு, ஆஸ்பத்திரிச் சாமான் கடைல கேளுங்க. மோட்டார் இருக்கும், மாத்தி மாத்திக் காத்து அடிக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காப் புரட்டிப் போடுங்க. இங்க விக்கற எதுவும் அண்ணிக்கு வேணாம்ணே."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தம்பியும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு" என்றார்.

"சத்தியமாண்ணே, இது அது இல்ல."

"எப்படி இல்லன்னு நான் கண்டுபுடிக்கிறது? அதே முக்காலி. அதே வேணாம். சொல்லுங்க, எதை வச்சு நான் கண்டுபுடிக்கிறது?"

அவள் பேச்சில் இருந்த உண்மைக்குத் தனியாக ஓர் அடையாளம் இருந்ததில்லை. அவள் சொன்னாள், அதனால் உண்மை. அவ்வளவுதான் இத்தனை வருஷமாக இருந்தது.

போகத் திரும்பியவர் நின்றார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி, கிளட்ச் மிதிக்கிற காலுன்னு சொன்னீங்களே. அதுவும் இதுதானா?"

"அய்யோ, அண்ணே!"

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பின்னால் நாலு கட்டில்களில் நாலு பேர் படுத்திருந்தார்கள். நாலு முக்காலிகளில் நாலு பேர் தாழ உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் முழங்கால் வீங்கிவிட்டதாகச் சொல்லி அக்கா வேலைக்குப் போகவில்லை. வீங்கித்தான் இருந்தது, அது பொய்யில்லை. கேடயத்தோடு ஒரு பரிசுக் கூப்பனும் கொடுத்திருந்தார்கள். அது தங்கள் மெத்தைக் கடைகளில் மட்டுமே செல்லும் என்று பின்பக்கம் எழுதியிருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தன் கைக்காசைப் போட்டுக் காற்று மெத்தை வாங்கினாள். பெட்டிக்குள் மோட்டார் ஆடாமல் இருக்கக் கடையிலேயே சணல் கயிறு வாங்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். இரண்டு பஸ் மாறி, இரண்டு மாடி ஏறினாள். ஒவ்வொரு படியிலும் பெட்டியை முதலில் வைத்து, பிறகு நல்ல காலை வைத்து, பிறகு கெட்ட காலை இழுத்துக்கொண்டாள்.

டிரைவர் கதவைப் பாதி திறந்தார். அவர் தோளுக்கு மேலே உள்ளறை தெரிந்தது. தடித்த மெத்தையின் மூலையும், சுவரோரம் பஞ்சும் துணியும் குவிந்திருந்த ஸ்டூலும் தெரிந்தன. அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, இத அதுக்கு மேலயே விரிச்சாலும் போதும். நான் மாட்டிக் குடுத்துட்டுப் போயிடறேன். அஞ்சு நிமிஷம்."

"எவ்வளவு?"

"ஒண்ணும் வேணாம்ணே."

சொன்ன பிறகுதான் எந்தச் சொல் வாயில் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் முகம் இறுகியது. அதில் கோபம்கூட இல்லை. வாசலுக்கு வருகிற யாரையும் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

உள்ளே இருந்து குழறிய குரல் ஒன்று கேட்டது. அந்தக் குரல் ஒரு காலத்தில் கடை முழுக்கக் கேட்கச் சிரித்தது.

"யாருங்க அது? தங்கச்சியா?"

"இல்ல" என்றார் டிரைவர், உள்பக்கம் திரும்பி. "கடைலருந்து வந்திருக்காங்க. ஏதோ விக்கறதுக்கு."

கதவைச் சாத்தினார். அறையவில்லை, மெல்லத்தான் சாத்தினார். அக்கா பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டு, மூடிய கதவைப் பார்த்தபடி மோட்டாரை எந்தப் பக்கம் மாட்ட வேண்டும், எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று உரக்கச் சொன்னாள். இரண்டாம் தடவையும் சொன்னாள். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கு எதுவும் வேணாங்க" என்று உள்ளே போனார். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். வீட்டுக்குப் போய்ப் பள்ளம் விழுந்த பஞ்சு மெத்தையில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். வீட்டுக்காரர் விளக்கை அணைத்தார்.

காலையில் கடைக்குப் போனபோது, இழுத்து மூடிய இரும்புக் கதவின் முன்னால் பெட்டி இருந்தது. பிரிக்கவில்லை. அவள் கட்டிய சணல் முடிச்சு அப்படியே இருந்தது. அவர் அந்தக் காற்று மெத்தையை வேறு எங்காவது போய் வாங்கிக்கொண்டாரா, வாங்கவே இல்லையா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு கண்ணாடிக் கதவைத் தள்ளி யாரும் தலை நீட்டவில்லை.

கதவைத் தூக்கிவிட வந்த செல்போன் பெட்டியைக் காலால் நகர்த்திப் பார்த்தான்.

"இது நம்ம கடைப் பொருள் இல்லயேக்கா. யாரு வச்சிட்டுப் போனது?"

"நான் ஒருத்தருக்குக் குடுத்தேன். வேணாம்னுட்டார்."

அக்காவின் முகத்தைப் பார்த்து அவனுக்குப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். சட்டைப் பையில் இருந்த அட்டையைத் தொட்டுக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னான்:

"எடுத்ததுமே நல்லதக் காட்டியிருப்பீங்கக்கா. மூணாவத விட்டுட்டீங்க."